ஒற்றைப் படத்துக்கு மார்க் போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் ஏலம் எடுக்க வந்தவர்களுக்கு இணையாகக் கேமராவோடு வந்தவர்களும் நிற்பார்கள். கிண்டல் செய்யவில்லை, அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. வலை இழுப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், தலையில் கூடையோடு வரும் ஓர் அக்கா, பின்னால் செம்மஞ்சள் வெயில், அதற்குக் குறுக்கே ஒரு காகம். அன்றைக்கு எடுத்த எல்லோருடைய படங்களையும் ஒன்றாகக் கொட்டிப் பெயரை மறைத்துவிட்டால், எது யார் எடுத்தது என்று எடுத்தவர்களே திணறிப்போவார்கள்.

இத்தனைக்கும் இவர்களில் பலர் நன்றாக எடுக்கிறவர்கள். ஃபோகஸ் தவறாது, வெளிச்சம் தெரியும், எந்தப் பட்டன் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது? எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதால் என்று ஒரு பதில் உண்டு. அது எனக்குப் போதவில்லை. ஒரே கடற்கரையில் இரண்டு பேர் நின்று இரண்டு விதமாகப் பார்க்க முடியாதா என்ன? என் சந்தேகமெல்லாம் நாம் படங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் விதத்தின் மேல்தான். எப்போதும் ஒற்றைப் படத்தைக் காட்டுகிறோம், ஒற்றைப் படத்தைப் பற்றிக் கேட்கிறோம். "இது எப்படி இருக்கு ஜி?" "செம ஜி." முடிந்தது. கொஞ்சம் அக்கறை உள்ளவராக இருந்தால், இடது ஓரத்தில் கம்பம் வெட்டுது, அடிவானம் லேசா சாயுது, மேலே கொஞ்சம் க்ராப் பண்ணிடுங்க என்பார். அவர் சொல்வது சரிதான். அந்தப் படம் சீராகிவிடும். ஆனால் ஒரு படத்தைச் சீராக்குவதும், எடுத்தவருடைய பாணி என்ன என்று கண்டுபிடிப்பதும் வெவ்வேறு வேலைகள். சில நேரம் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும்.

போட்டிகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒளிப்படக் கழகங்கள் நடத்தும் போட்டிகளைச் சலான் என்பார்கள். 1950இல் தொடங்கிய எஃப்.ஐ.ஏ.பி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஆதரவில் உலகம் முழுக்க நடக்கிறது, நம் ஊரிலும் நடக்கிறது. தேர்வான படங்களின் எண்ணிக்கை கூடக்கூட ஏ.எஃப்.ஐ.ஏ.பி., இ.எஃப்.ஐ.ஏ.பி. என்று பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், திரையில் படம் வரும், சில விநாடி, ஒரு பட்டன், மதிப்பெண், அடுத்த படம். வந்து குவிகிற படங்களின் எண்ணிக்கைக்கு வேறு வழியும் கிடையாது. அந்தச் சில விநாடியில் ஜெயிக்கிற படம் எப்படி இருக்கும்? புழுதிக்குள் வெயில் கற்றை கற்றையாக இறங்க நடுவில் ஓர் ஆட்டு மந்தை. சிவப்புக் குடை பிடித்த குட்டித் துறவி. வீசிய வலை அந்தரத்தில் வட்டமாக விரிந்து நிற்க, படகு நுனியில் மீனவர். முகமெல்லாம் சுருக்கமாகப் பீடி இழுக்கும் தாத்தா. நடுவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, நான் பேசிப் பார்த்த சிலர் இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து நம்மைவிட அலுத்துப்போனவர்கள். ஐந்து விநாடி கொடுத்தால் ஐந்து விநாடிப் படம்தான் ஜெயிக்கும், அவ்வளவுதான்.

பாணி ஒரு படத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சரக்கில்லை. இந்த ஆள் திரும்பத் திரும்ப எதன் முன்னால் போய் நிற்கிறான், எவ்வளவு தள்ளி நிற்கிறான், எந்த நொடியில் விரலை அழுத்துகிறான், எதைக் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுகிறான் என்பதெல்லாம் சேர்ந்துதான் பாணி. பத்து முப்பது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. அப்புறம், அதை எடுத்தவரால் பார்க்கவே முடியாது. சொந்தக் குரலை ரெக்கார்டிங்கில் கேட்டால் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி.

இதற்கு எனக்குப் பிடித்த கதை நூறு வருஷத்துக்கு முந்தையது. நியூயார்க்கில் பால் ஸ்ட்ராண்ட் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன். 1907இல் அவனுடைய ஆசிரியர் லூயிஸ் ஹைன், குழந்தைத் தொழிலாளர்களை ஆலை ஆலையாகப் போய்ப் படமெடுத்தாரே அதே ஹைன்தான், மாணவர்களை ஐந்தாவது அவென்யூவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திவந்த ஒரு சின்ன கேலரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு எண்ணையே பெயராக வைத்து 291 என்று அழைக்கப்பட்ட இடம். இனி போட்டோதான் என்று பையன் அங்கேயே முடிவு செய்துவிட்டான். அந்தக் காலத்தில் கலைப்படம் என்றால் சாஃப்ட் ஃபோகஸ். எல்லாம் லேசான பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல, ஓவியம்போல இருக்க வேண்டும். ஸ்ட்ராண்டும் அப்படித்தான் எடுத்தார். கேமரா கிளப்பில் இருந்தார், பாராட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது படங்களை எடுத்துக்கொண்டு போய் ஸ்டீக்லிட்ஸிடம் காட்டுவார்.

ஒருநாள் ஸ்டீக்லிட்ஸ் சொன்ன விஷயத்தை ஸ்ட்ராண்ட் வயதான பிறகும் நினைவில் வைத்துச் சொல்லியிருக்கிறார். சாரம் இதுதான்: இந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. புல்லும் தண்ணீரும் மரப்பட்டையும் ஒரே பொருளால் செய்தமாதிரி இருக்கின்றன. ஒன்றை மற்றதிலிருந்து வேறாக்குவது எதுவோ அது உன் படங்களில் இல்லாமல் போகிறது.

அவர் என்ன சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்தப் படத்தில் வலது பக்கம் கொஞ்சம் வெட்டு என்று சொல்லவில்லை. இது நன்று, அது சுமார் என்று பிரிக்கவில்லை. எல்லாப் படத்துக்கும் அடியில் ஓடுகிற ஒரு பழக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். ஸ்ட்ராண்ட் அந்தப் பனிமூட்டத்தை விட்டார். 1915இல் வால் ஸ்ட்ரீட் படம் வந்தது: மார்கன் வங்கிக் கட்டடத்தின் ராட்சசக் கறுப்புச் செவ்வகங்கள், அவற்றுக்குக் கீழே காலை வெயிலில் நீள நிழலோடு வேலைக்குப் போகும் சின்னச் சின்ன மனிதர்கள். அடுத்த வருஷம் வீட்டுக் கிண்ணங்களை வைத்து அவர் எடுத்த படங்களில் அது கிண்ணமா வெறும் வளைவா என்றே குழப்பம் வரும். அதே 1916இல் 291 கேலரியில் கண்காட்சி. 1917 ஜூனில் ஸ்டீக்லிட்ஸ் தன்னுடைய கேமரா வொர்க் பத்திரிகையின் கடைசி இதழை முழுக்க ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தார். திட்டிய மனிதர்தான் கொடுத்தார்.

அந்தச் சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் இப்போது பிரீசெட் என்ற ரெடிமேட் நிறத் திருத்த வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் ஒரு கிளிக், நிழலெல்லாம் நீலப்பச்சை, தோலெல்லாம் ஆரஞ்சு. காசு கொடுத்து வாங்கலாம், இலவசமாகவும் கிடைக்கும். அதைப் போட்டதும் ஒரு வருஷத்துப் படங்கள் எல்லாம் ஒரே குடும்பம்போலத் தெரியும், உடனே "எனக்கு ஒரு ஸ்டைல் வந்துடுச்சு" என்ற நிம்மதி. ஆனால் கடலும் சுவரும் பாட்டியின் கன்னமும் ஒரே மாவில் பிசைந்ததுபோல இருப்பதைத்தானே அன்றைக்கு ஸ்டீக்லிட்ஸ் சொன்னார்? சோதித்துப் பார்ப்பது சுலபம். எல்லாப் படங்களிலிருந்தும் பிரீசெட்டை எடுத்துவிட்டு, கேமரா கொடுத்த நிறத்திலேயே, இல்லையென்றால் கறுப்பு வெள்ளையில், சாதாரண பிரிண்ட் போடுங்கள். அப்போதும் இது ஓர் ஆள் எடுத்தது என்று தெரிந்தால் சரி.

இதை எனக்குச் சொன்னவர் ஓர் அண்ணன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆயுளில் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் கழித்தவர், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து கல்யாணப் பெண்களின் பருக்களை அழித்த தலைமுறை. கலை, பாணி என்றெல்லாம் பேசினால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவரிடம் செல்போனில் படத்தைக் காட்டினால் வாங்கவே மாட்டார். "பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா தம்பி, மேக்ஸி சைஸ் போதும்" என்பார். மேக்ஸி என்றால் அஞ்சலட்டை அளவு.

போட்டுக்கொண்டு போனேன். பையில் கத்தையாக இருந்ததை அவர் வீட்டு ஹாலில் மொசைக் தரையில் பரப்பினோம். ஃபேனைப் போட்டால் பறக்கும், ஆகவே நிறுத்தியாகிவிட்டது. சென்னை மே மாதம். வேர்வை படத்தில் சொட்டிவிடக் கூடாதே என்று துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் குனிந்து குனிந்து நடந்தார். நான் ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்ல ஆரம்பித்தேன். இது குலசேகரன்பட்டினம் தசரா அண்ணே, சூரசம்ஹாரம் அன்னைக்கு, கடற்கரைல என்ன கூட்டம் தெரியுமா... "நீ கொஞ்சம் பேசாம இரு. கூடவே வந்து எல்லாருக்கும் சொல்லுவியா?" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். சில படங்களைக் கவிழ்த்துக்கொண்டே போனார். ஏன் என்று சொல்லவில்லை. காசிமேட்டு விடியல் கவிழ்ந்தது. ஜல்லிக்கட்டில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் இளைஞன், எல்லோரும் புகழ்ந்த படம், கவிழ்ந்தது. குலசையில் அந்தி வானத்துக்கு எதிரே சூலத்தைத் தூக்கி நிற்கும் காளி, அதைத்தான் பெரிதாக ஃப்ரேம் போட்டு வைத்திருந்தேன், அதுவும் கவிழ்ந்தது. தரை முழுக்க வெள்ளை முதுகுகள். மிச்சம் நிமிர்ந்து கிடந்தவற்றைக் காலால் இல்லாமல் கையாலேயே (அதில் மட்டும் மரியாதை) ஒரு வரிசையில் நகர்த்தி வைத்தார்.

அந்த வரிசையில் இன்னொரு காளி இருந்தார். அதே குலசை, அதே நாள், பகல். காளி வேஷம் கட்டியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முதுகில் கட்டிய உபரிக் கைகள் இடிப்பதால் சுவரில் சாய முடியவில்லை, பெஞ்சின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கிரீடம் மடியில். செந்நிற நாக்கைக் கழற்றி டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அதில் ஓர் ஈ. போகிற போக்கில் எடுத்த படம், யாருக்கும் காட்டியதில்லை. பிரிண்ட் போடும்போதுகூடக் கணக்குக்கு இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால், இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று, ஓர் ஆள் இல்லை. ஷட்டர் பாதி மட்டும் ஏறிய ஒரு ஜவுளிக்கடை, உள்ளே சேலை கட்டாத பொம்மைகள். பொதுக்கூட்டம் முடிந்த மைதானத்தில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பையன். ரேஷன் கடை திறப்பதற்கு முன் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் பைகள்.

"உனக்குத் திருவிழா புடிக்கல தம்பி," என்றார். "திருவிழா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் முடிஞ்சதுக்கப்புறமும்தான் நீ முழிச்சுட்டிருக்க. நடுவுல எடுத்ததெல்லாம் ஊரு எடுத்த படம்."

கோபம் வந்தது, மறைப்பானேன். சூலம் பிடித்த காளிக்காக நான் கடற்கரையில் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன். பட்ட பாட்டுக்குப் படத்தில் ஒரு மதிப்பும் கிடையாது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அடுத்தவர் ஒருவர் அதைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிற வரைக்கும் அது மண்டையில் ஏறாது. அமெரிக்கத் தெருப் போட்டோகிராபர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிம் ரோலை உடனே டெவலப் செய்ய மாட்டார், ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் கிடப்பில் போட்டு வைப்பார் என்று படித்திருக்கிறேன். எடுத்த அன்றைய சந்தோஷம் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், அது வடியட்டும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் அதே வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப் செய்யாத ரோல்கள் சுமார் 2,500 கிடந்தன, டெவலப் செய்தும் ஒழுங்காகப் பார்க்காதவை இன்னும் பல்லாயிரம். அந்தக் கடைசி வருஷங்களில் அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அவரே பார்க்கவில்லை, வேறொருவரையும் பார்க்கவிடவில்லை, அப்புறம் எப்படித் தெரியும்? தள்ளிப்போடுவதைவிடத் துண்டு போட்ட ஓர் அண்ணன் சீக்கிரம் வேலையை முடித்துத் தருவார்.

நேர்மையாகச் சொல்லப்படும் விமர்சனம் எல்லாம் உதவுமா என்றால், இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஃபிராங்க் என்ற போட்டோகிராபர் 1955இல் குகன்ஹைம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றினார். 767 ரோல், ஏறத்தாழ 27,000 படங்கள். அதிலிருந்து ஆயிரம் போல வொர்க் பிரிண்ட் போட்டு, வீட்டுச் சுவரிலும் தரையிலும் பரப்பி, மாதக்கணக்கில் தள்ளித் தள்ளிக் கடைசியில் 83 படங்களில் நிறுத்தினார். 1958இல் பாரிஸிலும் 1959இல் நியூயார்க்கிலும் புத்தகமாக வந்தது. அன்றைய ஒரு பிரபல போட்டோ பத்திரிகையின் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மங்கல், புள்ளி புள்ளியாகக் கிரெய்ன், எக்ஸ்போஷர் சரியில்லை, அடிவானம் குடித்துவிட்டு ஆடுகிறது, மொத்தத்தில் அலட்சியம் என்று. அவர்கள் பொய் சொல்லவில்லையே! ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தால் அத்தனையும் இருக்கிறது. 83ஐயும் வரிசையாகப் பார்த்தால்தான், ஓர் அந்நியன் அவசரமாகவும் சோர்வாகவும் அந்த நாட்டைக் கடந்து போவது தெரிகிறது, அந்த மங்கலும் சாய்வும் இல்லாமல் அந்தப் பார்வையே இல்லை என்பதும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர் அவர், அங்கே பயிற்சி எடுத்தவர், நேராக எடுக்கத் தெரியாமல் சாய்க்கவில்லை.

அதனால் ஒருவர் ஒரு குறையைச் சொன்னால் நான் முதலில் பார்ப்பது, அது ஒரு படத்தில் இருக்கிறதா, எல்லாப் படத்திலும் இருக்கிறதா என்று. ஒன்றில் மட்டும் இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். எல்லாவற்றிலும் இருந்தால் நின்று யோசிக்க வேண்டிய விஷயம். என் படங்களில் ஆட்கள் பாதிப்பேர் முதுகு காட்டி நிற்கிறார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். உண்மை. எனக்கு முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கக் கூச்சம். அப்படியானால் அந்த முதுகுகள் என் பாணியா, என் கூச்சமா? உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. முன்னால் போய், பேசி, சிரித்து, முகத்தை எடுத்துப் பழக வேண்டும். எடுக்க முடிந்த பிறகும் கால் தானாகப் பின்பக்கம் போனால், அப்போது அது உங்களுடையது. முடியாததால் செய்வதும் வேண்டும் என்று செய்வதும் படத்தில் ஒரே மாதிரி தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. காளியின் பெஞ்சுக்கு நேர் எதிரே நின்று எடுத்திருக்கிறேன், ஈ உட்கார்ந்தது தெரிகிற தூரத்தில். கூச்சப்பட்டவன் அங்கே நிற்க முடியாது.

போட்டோ ஆசிரியர் லிசெட் மாடலும் அவரிடம் படித்த டயேன் ஆர்பஸும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார்கள். ஆர்பஸ் கணவரோடு சேர்ந்து ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தவர். 1956இல் அதிலிருந்து விலகி லிசெட் மாடலிடம் படிக்கப் போனார். அந்த நாள்களில் ஆர்பஸுக்கு கிரெய்ன் மேல் ஒரு மோகம், புள்ளி புள்ளியாகத் தெரிகிற அந்தத் திரைக்குள் தோலும் வானமும் கலந்துபோவது பிடித்திருந்தது. அப்புறம் அதுவே அலுத்து, பொருள்களுக்கிடையில் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும் என்ற வெறி வந்தது. 1962 வாக்கில் 35 மி.மீ. கேமராவை விட்டுச் சதுரப் படம் எடுக்கும் ரோலிஃபிளெக்ஸுக்கு மாறினார். இன்று நாம் ஆர்பஸ் என்றதும் நினைக்கும் கூர்மை, சதுரம், நேருக்கு நேர் நிற்கும் முகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எவ்வளவுக்கு எவ்வளவு குறிப்பான ஒன்றைப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பொதுவானதாகும் என்பதைத் தனக்குப் புரியவைத்தது லிசெட் மாடல்தான் என்று ஆர்பஸ் சொல்லியிருக்கிறார். கவனித்தீர்களா, ஸ்ட்ராண்டுக்கு நடந்ததேதான் நாற்பது வருஷம் கழித்து இன்னொரு வடிவத்தில். நமக்குப் பிடித்த மூட்டத்தைத்தான் முதலில் நாம் பாணி என்று நம்புகிறோம்.

சரி, அண்ணன் சொன்ன பிறகு என்ன ஆயிற்று? முன்னாடியும் அப்புறமும் என்று ஒரு தலைப்பே கிடைத்துவிட்டதா, அதைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காலி நாற்காலி, காலி மேடை, அவிழ்த்துப் போட்ட மாலை, கழுவாத அண்டா. ஊரில் ஒரு காலி நாற்காலியை விடவில்லை. திரும்பவும் மேக்ஸி சைஸ், திரும்பவும் மொசைக் தரை. இந்தமுறை அவர் குனியக்கூட இல்லை. "நான் சொன்னதை எல்லாம் வாங்கிட்டு வந்திருக்க, மளிகை லிஸ்ட் மாதிரி. நீ பார்த்தது எங்க?" என்றார். இதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து. பாணி என்று ஒருவர் சுட்டிக்காட்டிய நிமிஷமே நாம் நம்மையே காப்பியடிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே இப்போதெல்லாம் படமெடுக்கும்போது அந்த வாக்கியத்தை நினைப்பதில்லை, தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நினைக்கிறேன். தெருவில் எதையும் எடுக்கலாம், திருவிழாவின் உச்சத்தையும். வீட்டுக்கு வந்து வரிசை பிடிக்கும்போதுதான் கறாராக இருக்க வேண்டும்.

யாரிடம் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: போட்டோ எடுக்கத் தெரியாதவர் ஒருவராவது அதில் இருக்கட்டும். போட்டோ தெரிந்தவர் லென்ஸைப் பார்ப்பார், வெளிச்சத்தைப் பார்ப்பார், என்ன எஃப் ஸ்டாப் என்பார். என் அக்கா, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுல ஒருத்தருக்கும் வேலையே இல்லையா, எல்லாரும் எதுக்கோ காத்துட்டே இருக்காங்க?" என்றாள். அண்ணன் சொன்னதைவிடவும் துல்லியம். நன்றாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள், தம்பி ஆயிற்றே. இதில் என்ன தெரியுது என்று கேட்டதால் தப்பித்தேன். கூடவே இன்னொன்று: உங்கள் மேல் கொஞ்சமாவது பாசம் உள்ளவரிடம் மட்டும் காட்டுங்கள். பாசம் இல்லாதவரின் நேர்மையை வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. கிழிப்பதில் சுகம் காணும் சிலரையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் எந்தப் படத்தையும் ஒரே கத்தியால்தான் வெட்டுவார்கள்.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார், சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வ போட்டோகிராபராக. மெழுகு பூசிய காகித நெகட்டிவ், நீண்ட எக்ஸ்போஷர், ஆகவே படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்காது, ஆடாமல் நின்றவர்கள்தான் பதிவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து 21 பிரிண்ட்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த 21இல் ஏதாவது ஒன்றைத் தனியே எடுத்து ஒரு சலானுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கல், எழுத்து, கல், எழுத்து. முதல் சுற்றிலேயே வெளியே. சேர்த்து வைத்தால், நிலத்தை அளந்து பழகிய ஒரு மனிதன் ஒரு கோயிலை அடியடியாக அளந்துகொண்டே நடப்பது தெரியும்.

அண்ணனுக்கும் எனக்கும் இப்போது ஒரு படத்தில் சண்டை. கோட்டூர்புரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்டக்டர் அம்மா, டிக்கெட் கட்டு கையில், பஸ்ஸின் படியில் நின்று கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். காத்திருப்பும் இல்லை, காலி நாற்காலியும் இல்லை. "நல்ல படம். உன் படம் இல்ல" என்கிறார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அதை ரேஷன் கடைப் பைகளுக்கு அடுத்து வைக்கிறேன், அவர் வந்ததும் எடுத்துக் கவிழ்க்கிறார், அவர் டீ குடிக்கப் போனதும் நான் நிமிர்த்துகிறேன். அக்காவிடம் கேட்டதற்கு, "அந்தம்மா பேரு கேட்டியா, அவங்களுக்கு ஒரு காப்பி குடுத்தியா?" என்றாள். கொடுக்கவில்லை. அதை இந்த வாரம் செய்ய வேண்டும், அந்த 21ஜி பஸ் எந்த டிப்போ என்று விசாரித்திருக்கிறேன்.